எந்தச் சத்தம், டொக்டர்?

கந்தளாய் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த யோகலிங்கத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. திருகோணமலையில் ஏறுகிற ஆள் தம்பலகாமம் சந்தியில் இறங்குவதற்கு முன் அவனுடைய வீட்டுக் கதை, அயல் வீட்டுக் கதை, டிப்போ மானேஜருக்கு வந்த வயிற்றுக்குத்து வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருப்பார். ஆமியின் சோதனைச் சென்றியில் பயணிகளை இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் வரிசையாக நடக்க விடும்போதும் யோகலிங்கம் அந்த வரிசைக்குப் பக்கத்தில் கதை சொல்லிக்கொண்டே நடப்பான். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காவலுக்கு நிற்கும் ஆமிக்காரப் பெடியன்களே அவனைக் கண்டால் பல்லைக் காட்டுவார்கள். சண்டை நடக்கிற ஊரில் இப்படி ஒரு வாய் இருப்பது நல்லதா கெட்டதா என்று கேட்டால், பஸ்ஸில் போனவர்கள் நல்லது என்பார்கள். அவன் பெண்சாதி புஸ்பராணியைக் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள்.

ஏனென்றால் மகளின் கதையையும் அவன் அந்த வாயால்தான் சொன்னான். அதுவும் மிக நன்றாகச் சொன்னான். அங்கேதான் எல்லாம் பிழையாகிப் போனது.

மகளின் பெயர் கஜேந்தினி. வீட்டில் கஜா. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அவளுக்கு ஏழு வயது. கலியாணமாகிப் பல வருடம் காத்திருந்து, ஊரில் உள்ள கோயிலுக்கெல்லாம் நேர்த்தி வைத்துப் பெற்ற ஒரே பிள்ளை. வீடு உட்துறைமுகப் பக்கம். பின் வளவில் நின்றால் வாழைகளுக்கு ஊடாகக் கடல் தெரியும், கடலுக்கு அங்கால் நேவிக்காரரின் கப்பல்கள் தெரியும். அவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் கடலைக் கூர்ந்து பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லை.

யோகலிங்கம் விடியப் போனால் பொழுதுபட வருகிறவன். அவன் கண்ட கஜா இரண்டு பேர். சில கிழமைகளில் அவள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். குசினியிலிருந்து விறாந்தைக்கு, விறாந்தையிலிருந்து வளவுக்கு, கையை உதறிக்கொண்டு ஓட்டம். காரணமில்லாமல் சிரிப்பாள், அடுத்த நிமிடம் கத்துவாள், நித்திரை கொள்ளமாட்டாள். அந்த நேரத்தில்தான் அவள் வாய் திறக்கும். "பாலம்போட்டாறு, தம்பலகாமம் சந்தி, கந்தளாய்! ஏறு ஏறு, உள்ளுக்குப் போ!" என்று அப்படியே தகப்பனின் குரலில், மூச்சு விடாமல், திரும்பத் திரும்ப. கேட்கிறவர்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடிப்பார்கள். யோகலிங்கத்துக்கோ உச்சி குளிரும். என் பிள்ளை கதைக்கிறாள், என்னைப் போலவே கதைக்கிறாள் என்று நினைப்பான்.

பிறகு வேறொரு காலம் வரும். அப்போது கஜா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். யோகலிங்கம் கட்டிலோரம் குந்தியிருந்து தன்னிடமிருந்த அத்தனை பகிடியையும் அவிழ்த்து விடுவான். அவள் சுவரைப் பார்த்தபடியே கிடப்பாள். அவனுக்கு அழுகை வரும்.

கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வந்து டவுனில் ஒரு தனியார் இடத்தில் நோயாளரைப் பார்க்கும் பெரிய டொக்டர் ஒருவர் இருந்தார். நரம்புக்கும் மனதுக்கும் வைத்தியம் பார்ப்பவர், சிங்களவர், பொறுமையான மனிதர். யோகலிங்கம் மகளையும் புஸ்பராணியையும் அவரிடம் கூட்டிக்கொண்டு போனான். புஸ்பராணிக்குச் சிங்களம் தெரியாது. அவள் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கதிரையில் இருந்தாள். கதை முழுவதையும் யோகலிங்கம் சொன்னான்.

எப்படிச் சொன்னான்! பிள்ளை மேலே போனால் வானத்தில் நிற்பாள், கீழே விழுந்தால் பாதாளத்தில் கிடப்பாள் என்றான். இரவிரவாக ஓயாமல் கதைப்பாள் என்றான். பிறகு பேச்சு மூச்சில்லாமல் படுப்பாள் என்றான். கையாலும் கண்ணாலும் நடித்தே காட்டினான். டொக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இந்த இரண்டுக்கும் இடையில் எப்படி? மற்றப் பிள்ளைகள் மாதிரி இருப்பாளா?"

யோகலிங்கம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தங்கமான பிள்ளை சேர். ஒரு குறையும் இல்லை."

அவனும் வேறு என்ன சொல்லுவான்? பெண்பிள்ளையின் குறையை எங்கள் ஊரில் யாரும் அந்நியரின் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். வருத்தம் வந்தது என்று சொல்லலாம், வருத்தம் போய்விடும். பிள்ளையே அப்படித்தான் என்று சொன்னால் அது அவளோடு வளர்ந்து, கலியாணம் பேசும் நாளில் முன்னால் வந்து நிற்கும். டொக்டரிடம் சொல்வதும் நாலு பேருக்குச் சொல்வதும் அவனுக்கு ஒன்றுதான்.

"வீட்டில் ஏதாவது பிரச்சினை? பயப்படும்படி ஏதாவது நடந்ததா? சத்தம், சண்டை?"

"ஒன்றும் இல்லை சேர். இப்போது எங்கள் பக்கம் நல்ல அமைதி."

டொக்டர் ஒரு தாளை எடுத்துக் கடலலை மாதிரி ஏற்றமும் இறக்கமுமாக ஒரு கோடு கீறினார். இதற்குப் பெயர் பைபோலர், இருதுருவ மனநோய் என்றார். இந்த வயதில் வருவது அபூர்வம், ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது என்றார். பிறகு அந்த அலையின் நடுவால் நேராக ஒரு கோடு இழுத்தார். "உங்கள் மகள் இந்தக் கோட்டில் இருக்கிறாள். மருந்தால் அவளை இங்கே பிடித்து நிறுத்தப் பார்ப்போம்."

அந்த நடுக்கோடு யோகலிங்கத்தின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அலைக்குள் எங்கேயோ அவன் மகள் சுகமாக இருக்கிறாள். 'அப்பா' என்று கூப்பிடப்போகிற, வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போகப்போகிற ஒரு கஜா அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள். பிடித்து வெளியே இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இதைவிட நல்ல செய்தி அவனுக்கு ஏழு வருடமாக வந்ததில்லை.

லித்தியம் என்ற குளிசை தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத் தம்பலகாமத்தில் புஸ்பராணியின் தமக்கை வீட்டில் வெள்ளாமை வெட்டு. உதவிக்குப் போன புஸ்பராணி பிள்ளையையும் கொண்டுபோய், நெற்சூடு மிதித்து முடியும் வரைக்கும் அங்கேயே நின்றாள். கஜா ஓடவில்லை, கத்தவில்லை, சுவரைப் பார்த்துப் படுக்கவும் இல்லை. யோகலிங்கம் பஸ்ஸை மறித்து இறங்கி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். பஸ் முழுக்க அதே கதைதான். "கொழும்பு டொக்டர் எண்டால் டொக்டர்தான் பாருங்கோ! பிள்ளையைப் பிடிச்சுக் கோட்டில நிப்பாட்டிப் போட்டார்!" என்று ஏறினவர் இறங்கினவர் எல்லாரிடமும் சொன்னான். பஸ் டிரைவர் அபூதாஹிர், கிண்ணியாவைச் சேர்ந்தவர், வயதில் மூத்தவர், யோகலிங்கம் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர், அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனார்.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. ஓட்டம், கத்தல், நித்திரையின்மை. பெரிய டொக்டர் குளிசையைக் கூட்டினார். கொஞ்ச நாளில் கஜாவின் கை நடுங்கத் தொடங்கியது. எந்த நேரமும் தண்ணீர், தண்ணீர். குடித்ததைச் சத்தி எடுத்தாள். கால் தள்ளாடியது. 'பாலம்போட்டாறு, தம்பலகாமம் சந்தி' நின்றுபோனது. அவளிடம் வேறெந்தப் பேச்சும் இருக்கவில்லை. ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. தள்ளாடித் தள்ளாடியே ஓடினாள். அடுத்தமுறை வரும்போதும் இப்படியே இருந்தால் கொழும்புக்குக் கொண்டுவந்து வார்ட்டில் விடவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தமிழ்ப் பெயரோடு கொழும்பில் தங்குவது என்றால் பொலிஸ் பதிவு, லொட்ஜ், இரவில் கதவுத் தட்டல். அது ஒரு பக்கம். தாயை உள்ளே விடாத வார்ட்டில், தன் பெயரைக் கூப்பிட்டாலே திரும்பாத பிள்ளையை எப்படி விட்டுவிட்டு வருவது? புஸ்பராணி சாப்பாட்டை விட்டாள். யோகலிங்கம் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

"மருந்து வேலை செய்யுது. தம்பலகாமத்தில நீ பார்க்கேல்லையோ? கொஞ்சம் பொறு."

"பிள்ளையின்ர கையைப் பாருங்கோ. நான் இனிப் பொறுக்கமாட்டன்" என்றாள் புஸ்பராணி. அவள் அப்படிக் குரல் உயர்த்தி அவன் கேட்டதில்லை. "கொழும்பு டொக்டர் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க என்னால ஏலாது. ஆஸ்பத்திரியில பிள்ளையளைப் பார்க்கிற புது டொக்டர் ஒராள் வந்திருக்கிறாவாம், தமிழ் கதைக்கிறவ. நீங்கள் வந்தால் வாங்கோ, வராட்டில் விடுங்கோ."

அவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனான். போகாமல் இருப்பானா? கதை சொல்ல ஆள் வேண்டுமே.

டொக்டர் ஸல்ஹா கடலே இல்லாத மலைப்பக்கத்து ஊரான அக்குறணையைச் சேர்ந்த பெண். இங்கே வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. யோகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு முதலில் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார். குளிசைப் போத்தலைப் பார்த்தார். முகம் மாறியது.

"இதை இண்டைக்கே நிப்பாட்டுங்க. இனி ஒண்டும் குடுக்க வாணாம். மருந்து உடம்புல கூடிட்டு. ரத்தம் எடுத்து அனுப்பணும், சேலைன் ஏத்தணும், நாலஞ்சு நாளைக்கு வார்ட்டுல வச்சுப் பார்ப்போம். உம்மாவும் கூடவே இருக்கலாம்." தாதியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகுதான் யோகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லுங்க."

அவன் சொன்னான். வானம், பாதாளம் எல்லாம் வந்தது. அலையும் வந்தது. கையை உயர்த்தி அலையின் உச்சியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது டொக்டரின் பேனை கீழே விழுந்தது. அவர் கதிரையிலிருந்து பாதி எழும்பியிருந்தார். அதே கணத்தில் கஜா தாயின் மடியிலிருந்து வழுகி, மேசைக்குக் கீழே போய், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். யோகலிங்கம் கதையை நிறுத்தவில்லை. தாதி பஞ்சைக் கிழிப்பதை நிறுத்தவில்லை. புஸ்பராணி குனிந்து பிள்ளையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"என்ன சத்தம் அது?"

"எந்தச் சத்தம், டொக்டர்?" என்றான் யோகலிங்கம்.

அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டான். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். தாதியும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கால கதவு அடிச்சிருக்கும்" என்றாள். அப்போது இன்னொன்று விழுந்தது. தரைக்குக் கீழிருந்து யாரோ உலக்கையால் ஒருமுறை இடித்த மாதிரி. யன்னல் கண்ணாடி சிலிர்த்தது.

"இது! இதைத்தான் கேட்கிறன்!"

தாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓ, அதுவோ டொக்டர்? அது நேவிக்காரர் தண்ணிக்குள்ள போடுற வெடி. அது ஒண்டுமில்லை."

அது ஒன்றுமில்லைதான். துறைமுகத்துக்குள் நின்ற கப்பல்கள் நீரடிக் குண்டால் அடிபட்ட பிறகு, நீருக்கடியால் யாரும் நீந்தி வந்துவிடாமல் நேவி நினைத்த நேரம் தண்ணீருக்குள் வெடி போடும். தொடங்கின புதிதில் ஊரே துள்ளி விழுந்தது. பானையை மூடி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தது. பிறகு பழகிப்போனது. பழகிப்போனது என்றால், கேட்டும் பேசாமல் இருந்தோம் என்று அர்த்தமில்லை, கேட்கவே இல்லை. ஷெல் விழவில்லை, சுற்றிவளைப்பு இல்லை, யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை என்றால் அன்றைக்கு நல்ல அமைதி. நேவியைப் பற்றி வாய் திறப்பதும் உடம்புக்கு நல்லதில்லை. ஆகவே கொழும்பு டொக்டர் சத்தம் உண்டா என்று கேட்டபோது யோகலிங்கம் மறைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னான்.

டொக்டர் ஸல்ஹா நிலத்தில் குந்தி மேசைக்குக் கீழே பார்த்தார். பிள்ளையைத் தொடவில்லை, இழுக்கவும் இல்லை. அப்படியே இருந்துகொண்டு கேட்டார்: "இது எப்பவும் இப்படித்தானா?"

"இல்லை டொக்டர். அவங்களுக்கு ஏதும் சந்தேகம் வந்தால் கிழமைக்கணக்கா இரவு பகலாப் போடுவாங்கள். பிறகு குறைஞ்சிடும்."

"தம்பலகாமத்துலயும் கேக்குமா?"

யோகலிங்கம் சிரித்தான். "அங்க எங்க டொக்டர் கடல்? அங்க வயலும் யானையும்தான்..." சிரிப்பு பாதியில் நின்றது.

டொக்டர் எழும்பிப் புஸ்பராணிக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. ஓட்டமும் இல்லாம, படுக்கையும் இல்லாம, சும்மா இருக்கிற நாள்ல இவ என்ன செய்வா?"

"அது வந்து டொக்டர், சும்மா நாளில..." என்று யோகலிங்கம் தொடங்கினான்.

"அவங்க சொல்லட்டும்."

புஸ்பராணி முதலில் புருசனைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

"சோடா மூடியளை எடுத்துச் சுவரோரமா அடுக்குவாள் டொக்டர். எல்லாம் ஒரு பக்கம் பார்த்தபடி. ஒண்டை ஆரும் அசைச்சால் அண்டைக்கு வீடு ரெண்டு படும். ஒரே கோப்பையிலதான் சாப்பிடுவாள், சோறும் கறியும் முட்டக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனா குசினியில விசுக்கோத்துக் கடுதாசி சரசரத்தால் கிணத்தடியில இருந்து வருவாள். பால் குடிக்கேக்கையும் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. ஒண்டைக் காட்டு எண்டால் விரலால காட்டத் தெரியாது. அம்மா எண்டு சொன்னதே இல்லை. பஸ் கதை சொல்லுவாள்தான், ஆனா அது ஆருக்கும் சொல்லுற கதை இல்லை, தன்பாட்டில. பயம் வந்தால்தான் அதைச் சொல்லுவாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் அடங்கும்."

"எப்பயிருந்து இப்படி?"

"பிறந்ததில இருந்து டொக்டர். ஒரு நாளும் மாறினதில்லை. தம்பலகாமத்திலயும் இப்பிடித்தான் இருந்தவள், கத்தேல்லை, அவ்வளவுதான். என்னட்ட இதை ஒருத்தரும் கேக்கேல்லை."

யோகலிங்கம் நிலத்தைப் பார்த்தான். தன்னைப் போலவே பிள்ளை கதைக்கிறாள் என்று அவன் உச்சி குளிர்ந்த நேரமெல்லாம் பிள்ளை பயத்தில் கிடந்து துடித்திருக்கிறாள். அது அவனுக்கு அந்தக் கதிரையில் வைத்துத்தான் தெரிய வந்தது.

டொக்டர் அவசரப்படாமல் சொன்னார். "பாருங்க, பைபோலர் எண்டா புள்ள முந்தி ஒருமாதிரி இருந்து, பிறகு மாறும். அந்த மாற்றந்தான் நோய். மாற்றம் போனா பழைய புள்ள திரும்பி வரும். கஜாக்கு அப்படி இல்ல. இவட பழக்கம், பேச்சு, பார்வை எல்லாம் சின்னதுல இருந்து ஒரே மாதிரி. இதை ஓட்டிசம் எண்டு சொல்றது. இப்படியான புள்ளைகள் சில பேருக்குச் சத்தம் அடி விழுற மாதிரி. வெடி கூடின நேரம் ஓடுறா, கத்துறா, நித்திரை இல்ல. பிறகு களைச்சுப்போய்ப் படுக்கிறா. வெளியில இருந்து பார்த்தா அது மேல போய்க் கீழ விழுற மாதிரித்தான் தெரியும். ரெண்டும் சேர்ந்தும் ஒரு புள்ளைக்கு வரலாம், அதால நான் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும். ஆனா இதுக்காகக் கொழும்பு வார்ட்டு தேவையில்ல."

கொழும்பு வார்ட்டு தேவையில்லை என்றதும் புஸ்பராணி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். யோகலிங்கத்துக்கு அந்தச் சந்தோசம் வரவில்லை. அவனுக்கு வேறொன்று கேட்க இருந்தது.

"அப்ப டொக்டர், அந்தக் கோடு?"

"எந்தக் கோடு?"

"நடுவில ஒரு கோடு. அவர் கீறிக் காட்டினவர். அதில என்ர மகள் இருக்கிறாள் எண்டு சொன்னவர். சுகமான மகள்."

டொக்டர் ஸல்ஹா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. "அந்தக் கோட்டுலதான் இவ எப்பவும் இருந்திருக்கிறா" என்றார். மேசைக்குக் கீழே காட்டினார். "இவதான் உங்கட மகள். வேற ஒராள் இல்ல."

இதைத் தாங்க யோகலிங்கத்தால் முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளையைச் சாகக் கொடுத்த மாதிரி அவனுக்கு இருந்தது. அந்தப் பிள்ளை இருந்ததே இல்லை என்று யார் சொல்லியும் பயனில்லை. வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போக இருந்தவளை அவன் தினமும் பார்த்திருக்கிறான். வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு, "நேற்று ஊருக்கு வந்தவவுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினான். மருந்து எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் கொண்டக்டர் யோகலிங்கம் கத்துவதை அவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

குளிசை நின்று கொஞ்ச நாளில் கஜாவின் நடுக்கம் நின்றது. சத்தி நின்றது. சோடா மூடிகள் மறுபடியும் சுவரோரம் வரிசைக்கு வந்தன. யோகலிங்கம் மட்டும் ஆளே மாறிப்போனான். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் வளவுக்கும் நடந்தான். சாப்பாட்டில் பாதி வைத்துவிட்டு எழும்பினான். பஸ்ஸில் கதை குறைந்தது. "என்ன கொண்டக்டர், தொண்டை அடைச்சிட்டுதோ?" என்று பயணிகள் கிண்டல் பண்ணினார்கள்.

"ஒரு சத்தத்தால ஒரு பிள்ளை இப்பிடி ஆகுமோ?" என்று ஒருநாள் பெண்சாதியிடம் பாய்ந்தான்.

"சத்தத்தால அவள் இப்பிடி ஆகேல்லை. அவள் இப்பிடித்தான். சத்தம் அவளுக்கு நோகுது." புஸ்பராணி உலைக்கு அரிசி கழுவிக்கொண்டே சொன்னாள். "வெடி கூடுற நேரம் நான் அவளைக் கொண்டுபோய் அக்கா வீட்டில நிக்கிறன்."

"அங்க யானை வரும்."

"யானை வந்தால் நாய் குரைக்கும், ஊர் கத்தும், எங்களுக்குத் தெரியும். இது சொல்லாமக் கொள்ளாம வருது."

அவன் பின் வளவுக்குப் போனான். அந்த வெடியைத் தானும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுவது என்று வாழையடியில் கடலைப் பார்த்து நின்றான். காகம் கேட்டது. அயல் வீட்டு றேடியோ கேட்டது. தெருவில் போகும் லொறி என்ன கியரில் போகிறது என்பதுகூடக் கேட்டது. வெகுநேரம் நின்று கால் உளைந்து உள்ளே வந்தால் கஜா கட்டிலுக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள்.

"எப்ப போட்டவங்கள்?" என்று புஸ்பராணியைக் கேட்டான்.

"எனக்கும் கேக்கேல்லை. அவள் ஓடினதைப் பார்த்துத்தான் எனக்கும் தெரியும்."

அவனுக்கு வெட்கமாகப் போனது. வாய் அவ்வளவு நீளமாக இருக்கிறவனுக்குக் காது இல்லை.

பிறகு ஒருநாள், முற்பகல் பஸ். ஆட்கள் பிதுங்கி வழிந்தார்கள். நிலையத்தை விட்டு வெளிக்கிட்டுத் துறைமுகப் பக்கத்து முதல் சென்றியில் நின்றது. ஆட்கள் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டிருந்தார்கள். யோகலிங்கம் மிதிபலகையில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக நின்று, "பாலம்போட்டாறு, தம்பலகாமம் சந்தி..." என்று எடுத்தான். நிலத்தில் ஊன்றிய காலுக்குள் ஏதோ அடித்தது. பாதத்தில் ஏறி முழங்கால் வழியாக வந்து நெஞ்சில் இடித்தது. அவன் பஸ்ஸின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

டிரைவர் அபூதாஹிர் கண்ணாடியில் பார்த்துவிட்டு எட்டிக் கேட்டார். "என்ன தம்பி, பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்?"

"வெடி, நானா."

"எந்த வெடி?"

யோகலிங்கம் பஸ்ஸுக்குள் பார்த்தான். ஒரு கிழவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் முகத்திலும் ஒன்றுமில்லை. மறுபடி ஒன்று விழுந்தது. அவன் குனிந்தேவிட்டான். முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கொண்டக்டர் ஊருக்குப் புதுசு போல!" என்றான் ஒருவன்.

"நானா, நீங்கள் போங்கோ" என்று காசுப் பையைக் கழற்றி அபூதாஹிரின் மடியில் போட்டான். "டிப்போவில என்ன வேணுமெண்டாலும் சொல்லட்டும். என்ர பிள்ளை வீட்டில."

சென்றியைத் தாண்டுகிற இடத்தில் ஓடக்கூடாது. ஓடினால் சுடுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும். அவன் கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்தான். சிரித்துக் கதைக்கிற ஆமிக்காரப் பெடியன் ஏதோ கேட்டான், யோகலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வளைவு திரும்பியதும் ஓட்டம் எடுத்தான். வழியில் இன்னொன்று விழுந்தது. ஓடுகிறவனின் கால் இடறியது. இத்தனை வருடமாக வீட்டுக்குள் ஒரு சின்ன உயிர் இதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறதே, நான் பக்கத்தில் இருந்து பகிடி சொன்னேனே என்று அழுதுகொண்டே ஓடினான்.

புஸ்பராணி வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்காமல் வழி விட்டாள்.

கட்டிலுக்குக் கீழிருந்து அவனுடைய குரல் வந்துகொண்டிருந்தது. பாலம்போட்டாறு, தம்பலகாமம் சந்தி, கந்தளாய், உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ. யோகலிங்கம் காக்கிச் சட்டையோடு நிலத்தில் படுத்து உள்ளே ஊர்ந்தான். தலை சட்டத்தில் இடித்தது. பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, பகிடி சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கியபடி பேசாமல் கிடந்தான். அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அந்த பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் தெரியும்.

கஜா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டி, ஒரு சாமானை எடுக்கிற மாதிரி அவனுடைய கையை எடுத்தாள். தன்னுடைய சின்னக் கைக்கு மேலே, தன் காதில் வைத்து அழுத்தினாள். அதுவும் போதாது போலிருந்தது. இன்னும் அழுத்தினாள். அவன் உள்ளங்கை அவளுடைய பாதி முகத்தையும் மூடியது.

அடுத்தது விழுந்தது. இரண்டு பேரும் துள்ளினார்கள்.